பச்சைப் பட்டை

என்னங்க,

நேர்ல சொல்ல வாய் வரலை. அதான் எழுதி உங்க டிபன் பையில வைக்கிறேன்.

துக்கம் விசாரிக்க வர்றவங்ககிட்டல்லாம், "எமர்ஜென்சியில அன்னைக்கு அவ்வளவு கூட்டம், அவ என்ன பண்ணுவா?"ன்னு சொல்றீங்க. நேத்து உங்க அக்காகிட்ட எனக்காகச் சண்டையே போட்டீங்க.

கூட்டம்தான். யாரை முதல்ல பார்க்கணும்னு பிரிச்சு, கையில பட்டை கட்டுறது என் வேலை. அவசரம்னா சிவப்பு, காத்திருக்கலாம்னா பச்சை. மந்தைவெளியிலிருந்து ஆட்டோவுல தனியா வந்த மாமா, "தாடை வலிக்குதும்மா, பல்லுதான். நீ மத்தவங்களைப் பாரு"ன்னாரு.

தாடை வலி மாரடைப்பாவும் இருக்கலாம்னு புது நர்ஸுங்களுக்குச் சொல்லித் தர்றதே நான்தான். வேற யாராவது அப்படி வந்திருந்தா உடனே ஈசிஜி எடுத்திருப்பேன். ஆனா முந்தின வாரம்தான், நம்ம சர்ச் பங்குச் சாமியாரோட தங்கச்சியை முன்னால அனுப்பிட்டேன்னு வரிசையில இருந்தவங்க சத்தம் போட்டாங்க. இப்போ மாமனாரையுமான்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு பச்சையைக் கட்டினேன்.

நாற்பது நிமிஷம் காத்திருந்தாரு. நடுவுல ஒரு கர்ப்பிணிக்குத் தன் நாற்காலியையும் விட்டுக்கொடுத்தாரு.

கூட்டத்துல எனக்குத் தெரியாம போகலைங்க. தெரிஞ்சேதான் உட்கார வெச்சேன். இனிமே எனக்காக யார்கிட்டயும் பேசாதீங்க.

உங்க அப்பாவோட மருமக