குடம் தளும்பாத உயரம்

இன்று காலை ஐப்பசியின் முதல் மழை. ஓடுதளத்தை ஒட்டிய கரிசல் நனைந்து அந்த வாடை எழுந்ததும், கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் உன் தண்ணீர் வண்டியைத்தான் பார்த்தேன். எட்டுக் குடம் பிடிக்கும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி. நீ இறந்துபோய் ஒரு வருடமாகிறது. வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிய உன் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீ இங்கே புல் வெட்ட வந்த முதல் நாள் நினைவிருக்கிறது. நம் குட்டி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் பன் ரொட்டி அளவில் ஒன்று, மூக்கு வானத்தைப் பார்த்தபடி நிற்கும். "நம்ம குடவண்டிதான் மேடம். ரெக்க வச்சிருக்காவ" என்றாய். நாலு வருடம் படித்து மெக்கானிக் ஆனவளுக்குக் கோபம் வராதா? தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "நான் எதுக்குத் தொடுதேன், அது என்ன எம் பிள்ளையா?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அப்புறம் அந்த மழை நாள். முந்தின மாதம்தான் ஜீப்பில் கட்டி இழுத்து இறக்கை நுனியை உடைத்திருந்தோம். இன்னொரு கீறல் விழுந்தாலும் விமானத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். போனால் நம் மூன்று பேர் வேலையும் அதோடு போகும். அப்படியிருந்தும் அன்றைக்கு நான் செய்த காரியம், வெயில் நன்றாகத்தானே அடிக்கிறது என்று சிமெண்டுத் தரையை விட்டுக் கரிசலில் நிறுத்தி எஞ்சினைப் பிரித்துப் போட்டது. மதியத்துக்கு மேல் பசுவந்தனைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பத்தே நிமிட மழையில் மண் களியாகிவிட்டது.

நானும் உன் வீட்டுக்காரரும் தள்ளினோம். பெரிய சக்கரங்கள் முனகிக்கொண்டாவது உருண்டன. வால் சக்கரத்தில் மண் அப்பி அது பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. நான் மண்டியிட்டு ஸ்குரூ டிரைவரால் சுரண்டுவேன், ஓரடி நகரும், மறுபடி அப்பிக்கொள்ளும். காற்று வேறு கிளம்பிவிட்டது. அவ்வளவு லேசான விமானத்தைக் காற்று புரட்டிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாய். "என்னத்துக்கு இந்தச் சக்கரத்தப் போட்டுச் சுரண்டுதீங்க? குடவண்டிக்குப் பின்னால சக்கரமா இருக்கு?"

அடுத்த மூச்சில் வாலடிக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாய். நான் அலறினேன். வால் அதிகம் எழும்பினால் மூக்கு தரையில் குத்தும், காற்றாடி நொறுங்கும். நீயோ சரியாக இடுப்பளவில் நிறுத்தினாய். "பதறாதீங்க. குடம் தளும்பாத உயரம் எனக்குத் தெரியும். நீங்க மூக்குப் பக்கமிருந்து தள்ளுங்க."

வாலை இழுத்துக்கொண்டு நீ முன்னே நடக்க, விமானம் பின்பக்கமாகவே உன்னோடு வந்தது. கொட்டகை வாசலில் இறக்கைக்கு இரு பக்கமும் ஒரு சாண்தான் இடம். நான் குனிந்து தள்ளிக்கொண்டே இருந்தபோது வால் பக்கமிருந்து கேட்டது உன் குரல். "ஏட்டி, நில்லு! உம் பக்கம் ரெக்க தூண்ல முட்டப் போவுது!"

நின்றேன். நாலு விரல் இடைவெளி. கொஞ்சம் வெளியே விட்டு, வாலை ஒரு அசைப்பு அசைத்து, மறுபடி உள்ளே இழுத்தாய். ஒரு கீறல் இல்லை. மூன்று பேரும் சேற்றோடு தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் "மேடம், டீ" என்று வந்து நின்றாய். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஏட்டி என்றே கூப்பிடு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரே வயதுக்காரிகள்தானே நாம்! அப்புறம் எத்தனையோ நாள் வாலை உன் கையில் கொடுத்தேன், பறக்கவும் கூப்பிட்டேன். "அங்கன என்ன, தண்ணிக் குழாயா இருக்கு?" என்று மறுத்துவிட்டாய். பதிலுக்கு உன் வண்டியை நான் தள்ளிப் பார்த்து, தெருமுனைப் பள்ளத்தில் எட்டுக் குடத்தையும் கவிழ்த்தேன். "ஏரோப்ளேன் மேய்க்குத மேடம் எங்க வீட்டு அடுப்ப அணைச்சிட்டாவ" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்.

இன்று மழை விட்டதும், புதிதாக வந்த பேட்டரி இழுவை வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டு நானே வாலைத் தூக்கினேன். இடுப்பளவு, அதற்கு மேல் இல்லை. கொட்டகைக்குள் கொண்டுவந்து விட்டபின் சக்கரத்துச் சேற்றைக் கழுவத் தண்ணீர் வேண்டியிருந்தது. உன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். திரும்பும்போது அதே முனை, அதே பள்ளம்.

எட்டுக் குடமும் தளும்பாமல் வந்து சேர்ந்தன. பின்னாலிருந்து ஒரு "ஏட்டி" கேட்காதா என்று, வண்டியின் கைப்பிடியை இறக்காமலே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.