நீ பார்த்த வியன்னா

அம்மா,

நேற்று திருநின்றவூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட்டு வண்டி கொண்டுவந்து மண்டபத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரத் தரை, குதிரைச் சாணம், நனைந்த தோல்வார், எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் மட்டும் பட்டுப்புடவையோடு குதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி, "இன்னாங்க, உள்ள டிபன் ஆறிப்போவுது, இங்க இன்னாத்த பாத்துக்கினு நிக்கறீங்க" என்றாள். வியன்னாவை என்று சொன்னால் அவளுக்கு விளங்கவா போகிறது? சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனேன். டிபனில் மனம் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஊத்துக்கோட்டைச் சந்தையோடு உலகம் முடிந்துவிடுகிறது என்று இருந்தவள் நீ. எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசியில், அந்த நீ மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினாய். அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது, தம்பிக்கு இன்னும் நாலு முடியவில்லை. சென்னையில் நைனா வேலை பார்த்த ஆலை அவரைப் பயிற்சிக்காக வியன்னாவுக்கு அனுப்பியிருந்தது. ஒரு வருஷம் என்றுதான் போனார். அங்கேயே ஓர் உருக்கு ஆலையில் வேலை கிடைக்க, அது மூன்று வருஷமாகிவிட்டது. ஒரு மாதம் வந்து ஊரைப் பாருங்கள் என்று டிக்கெட் அனுப்பினார்.

ஊரைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் நம் திருப்பாச்சூர் முழுக்கச் சொன்னாய். ஆனால் மீனம்பாக்கத்தில் மாமா உன்னைத் தனியே அழைத்துச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"கும்மிடிப்பூண்டில புது ஃபேக்டரி கட்டறாங்க. உன் வூட்டுக்காரர மாதிரி வேல தெரிஞ்ச ஆளு வேணும்றாங்க. வாயத் தொறந்து வான்னு ஒரு வார்த்த கேளு."

"கேக்க மாட்டேண்ணா. இழுத்துக்கினு வந்த மாடு ஏர்ல நிக்காது."

நைனா நம்மோடு வருவாரா, மாட்டாரா? அந்த ஒரு மாதமும் எனக்கு இந்த ஒரே கவலைதான். மாடாவது ஏராவது, கேட்டுத் தொலையேன் என்று உன்மேல் அவ்வளவு கோபம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா எங்களுக்கு அவருடைய ஊரைக் காட்டினார். அரண்மனை, ராட்டினம், ராஜா உட்கார்ந்த நாற்காலி. அக்கா ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். எனக்கு டிராமில் ஏற வேண்டும், அவ்வளவுதான். தம்பிக்குப் புறாக்களை விரட்டினால் போதும், அரண்மனையும் ஒன்றுதான் மாட்டுக்கொட்டகையும் ஒன்றுதான். பழைய ஊருக்குள் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்பதைக் காட்டி, "இதுல வெள்ளக்காரன்தான் ஏறுவான். அம்மாம் காசு" என்று நைனா பெருமையாகச் சொன்னார். நீ ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "திருவள்ளூர் டேசன் வாசல்ல நிக்கற ஜட்கா தான, இதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்" என்றாய். அவர் முகம் சுண்டிப்போனது.

மற்ற நாட்களில் நைனா வேலைக்குப் போனதும் நீ எங்களைக் கிளப்புவாய். அக்கா ஓவியங்கள் மாட்டியிருக்கும் மண்டபத்துக்குப் போகலாம் என்பாள். நீ பால்கடைக்குக் கூட்டிப்போவாய். ஒருநாள் காய்கறிச் சந்தை. ஒருநாள் ஒரு பள்ளிக்கூட வாசலில், மணியடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் வரைக்கும் நின்றாய். ஒருநாள் ஒரு டாக்டர் வீட்டுப் பலகையை அக்காவைப் படிக்கச் சொன்னாய். எல்லாக் கடையிலும் தமிழில்தான் பேசினாய், அவர்களும் புரிந்ததுபோல எடுத்துக் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய ஊரில் வந்து முட்டைக்கோசு பார்க்கிறோமே என்று அக்கா அழாத குறை.

தம்பி மட்டும் நைனாவிடம் போகவே இல்லை. கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்த பிள்ளை. பார்க்கும் ஆண்பிள்ளையை எல்லாம் மாமா என்பான், இவரையும் மாமா என்றான். அவர் கையை நீட்டினால் உன் கொசுவத்துக்குள் புகுந்துகொள்வான். ஒரு சாயங்காலம் நைனா சமையலறையில் உன்னிடம் பேசியது எனக்குக் காதில் விழுந்தது.

"அங்க நான் மூணாவது புள்ள. கழனிக்கு எப்பத் தண்ணி உடலாம்னு கூட என்ன ஒருத்தன் கேட்டதில்ல. இங்க மெஷினு நின்னா என்னத்தான் தேடறான்." பிறகு, "வந்து மட்டும் இன்னா ஆவப்போவுது? பெத்த புள்ளையே மாமான்றான்" என்றார்.

நீ உப்புமாவைக் கிளறிக்கொண்டே இருந்தாய். அப்போதும் கேட்கவில்லை.

கடைசி ஞாயிறு அந்தப் பெரிய மாதாகோயிலுக்குப் போனோம். தம்பிக்கு வேர்க்கடலை மாதிரி ஏதாவது வாங்கி வருகிறேன், நீங்கள் உள்ளே போங்கள் என்று நைனா வறுகடலைக்காரனைத் தேடிப் போனார். நீ வாசலில் குனிந்து எங்கள் மூன்று பேர் ஷூவையும் கழற்றி, உன்னுடையதையும் கழற்றி, சுவரோரம் வரிசையாக வைத்தாய்.

"யாருமே கழட்டலயேம்மா" என்றாள் அக்கா.

"அவங்க பழக்கம் அவங்களுக்கு. சாமி இருக்கற எடத்துக்கு நான் செருப்போட வரமாட்டேன்."

உள்ளே கல் ஐஸாகச் சில்லிட்டது. தம்பி என் பாதத்தின் மேல் ஏறி நின்றுகொண்டான். நீ மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பக்கத்தில் முட்டிபோட்டிருந்த கிழவி ஒருத்தி உன்னைப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். நிதானமாகக் கும்பிட்டு முடித்து வெளியே வந்தால், ஷூ ஒன்றையும் காணோம். கூட்டுகிறவன் குப்பை என்று எடுத்துப்போனானோ, யாராவது தூக்கிக்கொண்டார்களோ, தெரியாது. தூறல் வேறு. அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"கோயில்ல செருப்பு தொலஞ்சா பீட தொலஞ்சிதுன்னு அர்த்தம். அழுவாத" என்றாய் நீ.

நைனா காகிதப் பொட்டலத்தோடு ஓடிவந்தார். நனைந்த கல்தரையில் எட்டு வெறுங்கால்கள். "இன்னாமே பண்ணி வெச்சுக்கிற? ஞாயித்துக்கெழம ஒரு கட தொறந்திருக்காது" என்று கத்தினார். தம்பி குளிர் தாங்காமல் உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நீ நகரவில்லை.

"எனக்குக் காலு மரத்துப்போச்சு. நீங்க தூக்குங்க."

தை மாத விடியலில், சேற்றில் இறங்கி நவரை நெல்லுக்கு நாற்று நட்ட கால் உன் கால். அது மரத்துப்போனதாம்!

தம்பி தரையைப் பார்த்தான். நைனாவின் காய்ந்த, கனத்த ஷூவைப் பார்த்தான். பிறகு, வேறு வழியில்லாத பெரிய மனிதன் போல, அவரை நோக்கி இரண்டு கையையும் தூக்கினான். நைனா கோட்டைத் திறந்து அவனை உள்ளே வாங்கி மூடிக்கொண்டார். பொட்டலம் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. நேராகப் போய் ஒரு குதிரை வண்டியைக் கூப்பிட்டார்.

வண்டி வீடுவரைக்கும் போனது. தம்பி தூங்கிவிட்டான். அவனுடைய இரண்டு பாதங்களையும் நைனா உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். பாதி வழியில், வெளியே பார்த்தபடி, "கும்மிடிப்பூண்டில ஒரு ஃபேக்டரின்னு உங்கண்ணன் கடுதாசில எழுதினாரே, அது தொறந்துட்டானா?" என்றார்.

"கட்டினு இருக்கானாம்" என்றாய். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஆனால் அக்காவின் கையை நீ எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாய் என்பதை அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

ஒப்பந்தம் முடிந்து, அடுத்த சித்திரையில் நைனா வந்து சேர்ந்தார். அதற்குள் தம்பி அவரை மறந்துபோய் மறுபடி மாமா என்றது வேறு கதை. ஓய்வு பெறும்வரை கும்மிடிப்பூண்டி உலையடியில்தான் வேலை. மெஷின் நின்றால் இங்கேயும் அவரைத்தான் தேடினார்கள்.

அவர் காலமான பிறகு ஒருநாள் உன்னிடம் கேட்டேன். "ஏம்மா, கடசிவரைக்கும் வான்னு நீ ஒரு வார்த்த கேக்கலயே. அவரு வராமயே இருந்திருந்தா?"

நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நிமிரக்கூட இல்லை. "அவரு வராட்டி நாம போயிருப்போம். பாலு எங்க, பள்ளிக்கூடம் எங்க, டாக்டரு எங்கன்னு எல்லாம் பாத்து வெச்சுக்கினுதான வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது அம்மா. நீ கீரைத்தண்டை என் பக்கம் தள்ளி, நறுக்கச் சொன்னாய்.

என் மகள் இப்போது கனடாவில் இருக்கிறாள். திரும்பி வா என்று நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்க நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்வேன். போன தடவை அங்கே இறங்கியதும், அருவி பார்க்கப் போகலாம் என்று டிக்கெட்டோடு நின்றாள்.

"அருவி எங்கயும் ஓடிடாது. நீ பாலு எங்க வாங்கற, மொதல்ல அதக் காட்டு" என்றேன்.