இரும்பாளு சாய்ந்த பக்கம்

ஜூன் 3
திருமால் தருமபுரியிலிருந்து போன் செய்தான். "ஏரியூர்ல தனியா என்னம்மா பண்ற? வூட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துரு." மாட்டேன் என்றேன். மகனோடு இருக்கலாம். அவன் பெண்டாட்டி சுமலதாவோடு இருக்க முடியாது. ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

ஜூன் 4
பரணில் அந்தக் கேம் பெட்டி கிடைத்தது. சுமலதா கல்யாணமான புதிதில் கொண்டுவந்தது. இரும்பாளு ஆட்டம். மலை உசரத்துக்கு ஒரு இரும்பு மனுசன்; அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து நாம் ஓட்ட வேண்டும். நீலம் எனக்கு, சிவப்பு அவளுக்கு; ரெண்டும் ஒரே கட்சி. சமையல் முடிந்தால் ரெண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம்.

ஒரு ஆடி வெள்ளி. அவள் தலையில் செவ்வந்தி, அடுப்பில் கொள்ளு. ஆட்டத்தின் நடுவில் என்னைச் செத்துப் போ என்று கத்தினாள். எனக்குப் புரியட்டும் என்றே எங்கள் வீட்டுக் கன்னடத்தில். மரியாதைக்கு ஒரு 'ங்க' கூட இல்லை. அன்றைக்கு ரிமோட்டைக் கீழே வைத்தவள்தான் நான், அப்புறம் தொடவில்லை. "ஏன் அத்தே ஆட வரலை?" என்று சுமலதா கேட்டுப் பார்த்தாள். அடுப்பு வேலை இருக்கு என்று எழுந்து போய்விடுவேன்.

ஜூன் 6
டிவியில் மாட்டினேன். கை மறக்கவில்லை. சிவப்பு மணல், ஆளில்லாத ஊர். நீலத்தான் தோளில் மழை, ஒகேனக்கல் சாரல் மாதிரி வெள்ளையாக. அவன் காலெடுத்து வைத்தால் என் நெஞ்சில் கேட்கிறது. சண்டை போடாமல் சும்மா நடத்திக்கொண்டே இருந்தேன். அவளோட சிவப்பு எங்கே என்று கண் தேடுகிறது. சீ.

ஜூன் 7
மத்தியானத் தூக்கத்தில் நீலத்தான் நெஞ்சுக்குள் இருந்தேன். கீழே ராகிக் காடு, பாசி மாதிரி. மேகம் ஈரத்துணியாக முகத்தில் பட்டது.

ஜூன் 9
பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் மோர் கேட்டு வந்து, ஆட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். திடீரென்று கத்தினாள்: "சாயி, சாயி!"

தூக்கிவாரிப் போட்டது. இவளுமா?

"அட, அந்தப் பக்கம் சாயி ராமக்கா. குண்டு வருது பாரு."

சாய்ந்தேன். குண்டு தலைக்கு மேலே போனது.

அன்னிக்கும் இதே சொல்லுதான். எங்க கன்னடத்துல சாயின்னா செத்துப் போ. ஆனா சுமலதா அரூர்க்காரி, அவளுக்கு ஏது கன்னடம்? அப்ப தமிழ்லதான் சொன்னாளா — குண்டு வருதுன்னா? என்னைக் காப்பாத்தவா கத்தினா?

"மோர் உண்டா இல்லையா?" என்றாள் கண்ணம்மாள்.

ஜூன் 10
சரி. ஆனாலும் 'ங்க' போடலை. அது அப்படியே இருக்கு.

ஜூன் 18, தருமபுரி
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சிவப்பு ரிமோட்டைச் சுமலதாவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மழைக்குள் நீலமும் சிவப்பும் வெகுதூரம் நடந்தன.

"சாயி அத்தே, சாயி!"

"'ங்க' போட்டுச் சொல்லுடி."

"அதைப் போடறதுக்குள்ள செத்துருவீங்க அத்தே."

சாய்ந்தேன்.