குங்குமச் சிமிழ் நீட்டிய கை

கிட்வாய் நகர், புது தில்லி
13.12.2009

அன்புள்ள அனந்து அண்ணாவுக்கு,

உன் ஊர்க் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும். எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன், இந்த முறை நடந்ததை நீயே எழுதிவிடு என்றாள்.

நான் முதலில் பார்த்தது ஒரு கையை. உனக்குப் பேசியிருக்கும் ஜ்யோத்ஸ்னாவின் அம்மா போன ஞாயிறன்று வந்துவிட்டுக் கிளம்பும்போது, ஜலஜா அத்தை கொடுத்த குங்குமத்தை இட்டுக்கொண்டு, சிமிழைப் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு நீட்டினார். கை அப்படியே நின்றது. அம்மாவுக்கு நேரே இருப்பது மட்டும்தான் இப்போது தெரியும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. உடனே அத்தை, "மன்னிக்குப் பிள்ளை அமெரிக்காவுல இருக்கான்னு கர்வம், தப்பா எடுத்துக்காதேங்கோ" என்று சிரித்தாள். சாயங்காலமானால் கண் தெரியாமல் அம்மா சுவரைத் தடவுவாள் என்றுதான் அத்தை அவர்களைக் காலையிலேயே வரச் சொன்னாளாம், அதுவும் உன்னைக் கேட்டுத்தானாம்.

டாக்டர் சொன்னதை உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். ஜீனிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ. நகலில் வேண்டாத துண்டுகளை வெட்டி மிச்சத்தை ஒட்டினால்தான் உடம்பு அதை வைத்துப் புரதம் செய்ய முடியும். அந்த வேலை நடக்க, பின்னிக் கிடக்கும் இழைகளைப் பிரித்துவிடும் ஹெலிகேஸ் என்ற நொதி ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு அதில்தான் பிழை. பிழை உடம்பு முழுக்க உண்டு, ஆனால் ஓயாமல் புரதம் கேட்கும் விழித்திரைதான் முதலில் தேய்கிறதாம். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு வந்துவிட்டது, கரும்பலகை தெரியாமல் ஒன்பதாவதோடு நின்றேன். உனக்கு உண்டா இல்லையா தெரியாது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னால், "கல்யாணம் ஆகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்கிறாய். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா அண்ணா? நோய் எனக்கு அருவருப்பாக இல்லை, இந்தப் பேச்சுதான் அருவருப்பாக இருக்கிறது.

அம்மா உனக்கு ஆசி சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, இந்த வாரமே போய் ரத்தம் கொடு என்கிறாள்.

நேற்று மாலை ஜ்யோத்ஸ்னாவின் அம்மா போன் செய்து, மாமிக்கு எங்கள்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார். அத்தை ரிசீவருக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன், சொல்லு என்றாள். எனக்கும் அம்மாவுக்கும் கண்ணில் பரம்பரை நோய், அண்ணா இன்னும் பரிசோதிக்கவில்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
வைதேகி