டெனியூர்

வலங்கைமான்
8-7-1973

தம்பிக்கு, அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் நீ வேலை பார்க்கும் காலேஜில் உனக்கு ‘டெனியூர்’ கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தை எனக்கு நிலச் சட்டத்தில்தான் பழக்கம். வாத்தியாருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று புரியவில்லை. இனி யாரும் உன்னை அங்கிருந்து வெளியேற்ற முடியாது என்று நீயே கீழே அர்த்தம் எழுதியிருந்தாய்.

நம் குத்தகைக்காரன் வைரக்கண்ணுவிடம் சொன்னேன். அவனை வெளியேற்றத்தான் நாம் வழக்குப் போட்டிருந்தோம். ஆனாலும் வாய்க்கால் கரையில் பார்த்தால் பேசிக்கொள்வோம். அவன் சிரித்துவிட்டான்.

“அப்ப தம்பிக்கும் குத்தகைப் பதிவு ஆயிடுச்சுன்னு சொல்லுங்கய்யா. இனிமே யாரும் கிளப்ப முடியாது.”

குறுவை நடவு முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

வழக்கில் நாம் சொல்லியிருந்த காரணம் ஒன்றுதான். மகன் ஊருக்குத் திரும்பி வந்து அந்த நிலத்தில் சொந்தமாகச் சாகுபடி செய்யப்போகிறான் என்று மனுவில் எழுதியிருந்தோம். நேற்று கும்பகோணம் போய் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் என்று வக்கீல் கேட்டார். உனக்கு டெனியூர் கிடைத்துவிட்டது என்றேன்.

இப்படிக்கு,
அப்பா