சாவடி வீதியில் வீடு வாங்கிவிட்டேன்

ஏனுங்க, கேக்குதுங்களா?

உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இருந்தவரைக்கும் ஒரு சண்டைக்கும் நீங்கள் சிக்கியதில்லை. நான் குரலை உயர்த்தினால் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள். இப்போது எழுந்து போக முடியாது. முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சாவடி வீதியில் வீடு வாங்கிவிட்டேன். ஆமாம், அதே சாவடி வீதிதான். டவுன்ஹாலுக்குப் பின்னால், ஒரு வீட்டின் தோளில் அடுத்த வீடு சாய்ந்து நிற்கிற அந்தப் பழைய ஓட்டு வீட்டு வரிசை. "அந்த வீதிப் பேச்ச எடுக்காத எஸ்தரு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பேச்சை எடுக்கவில்லை. வீட்டையே எடுத்துவிட்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். தெரியும். அதனால்தான் சண்டை.

நம் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் நம் மகள் நித்யாவுக்கு இந்த வருஷம் வரை தெரியாது. ஊர் முழுக்கத் தெரிந்ததை நாம் பெற்ற பிள்ளைக்கு மட்டும் மறைத்து வைத்தோம். இனி மறைப்பதாக இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

ஆனைமலைப் பக்கம் உங்கள் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. அந்தத் தோப்பில் என் அப்பா கூலிக்காரர். நான் காலனியில் பிறந்த கிறிஸ்தவப் பெண். நர்ஸ் படிப்பு முடித்துக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்தேன். நீங்கள் பம்ப் கம்பெனியில் வேலைக்கு வந்தீர்கள். கட்டிக்கொண்டோம். உங்கள் வீட்டில் உங்களைத் தலைமுழுகிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம் என்று சாவடி வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தோம்.

எனக்கு அந்த வீதி எவ்வளவு பிடித்தது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசம் நம் அடுக்களைக்கு வரும். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இந்தப் பக்கம் நமக்குத் தூக்கம் போகும். இத்தனை பேருக்கு நடுவில் இருந்தால் உங்கள் அண்ணன்மார் வந்து ஒன்றும் செய்துவிட முடியாது என்று ஒரு தைரியம் இருந்தது.

அப்புறம் என் அம்மா ஒருநாள் என்னைப் பார்க்க வந்தாள். வீதியில் யாரோ அவளிடம் ஊர் கேட்டார்கள், பேர் கேட்டார்கள். அம்மா உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அடுத்த நாள் தெருக்குழாயில் நான் குடத்தை வைத்ததும், வரிசையில் இருந்த குடங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.  சிறுவாணித் தண்ணீர் என் குடத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே ஆண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் நின்று பேசியவர் துரைசாமி. அப்போது அவருக்கும் நம் வயசுதான் இருக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க. குடும்பங்க பொழங்கற வீதிங்க இது. உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். வேற பக்கம் பாத்துக்கிட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

அடிக்கும்போதும் 'ங்க' போட்டு அடிக்கிற ஊர் நம்முடையது. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னபோது எங்கே பிடித்து எதிர்ப்பது?

நீங்கள் "சரிங்க" என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு டெம்போவில் சாமானை ஏற்றிப் போத்தனூர் போனோம். அங்கேயே வேர் பிடித்தோம், வீடு கட்டினோம், நித்யாவைப் பெற்றோம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் "சரிங்க" மட்டும் எனக்குச் செரிக்கவே இல்லை.

நீங்கள் போன பிறகு போத்தனூர் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. நித்யா சென்னையிலிருந்து தினமும் போனில், தனியாக இருக்க வேண்டாம் என்றே பேசினாள். சரவணம்பட்டிப் பக்கம் கேட் போட்ட அபார்ட்மெண்ட் ஒன்று பார்த்து வைத்திருந்தாள். லிப்ட் இருக்கிறதாம், செக்யூரிட்டி இருக்கிறதாம், நடக்கப் பூங்கா இருக்கிறதாம். நானும் போய்ப் பார்த்தேன். பளிங்கு மாதிரிதான் இருந்தது. கதவைச் சாத்தினால் பக்கத்தில் மனுஷர் இருப்பதே தெரியவில்லை. ஒரு பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அங்கே மூச்சு முட்டியது.

திரும்பி வருகிற வழியில் டவுன்ஹாலில் இறங்கினேன். கால் தானாகத்தான் போனது. நாம் இருந்த வீடு இடிந்து, அந்த இடத்தில் வண்டிகள் நின்றன. அதற்கு நாலு வீடு தள்ளி ஒரு கதவில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தது. கதவைத் தட்டினேன்.

லோகநாயகி என்கிற ரிட்டயர்டு டீச்சர் வீடு அது. முழங்கால் முடியாமல் மேட்டுப்பாளையத்தில் மகனோடு போய் இருக்கப்போகிறாராம். உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினார். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்கதவில் நின்றால் பின்சந்து தெரிகிறது. நடுவில் மேலே திறந்த ஒரு வெளிச்சக் கூடம். அதில் காலை வெயில் அப்படியே கொட்டுகிறது. தேக்கு உத்தரங்கள் கறுத்துப்போய்க் கல் மாதிரி இருந்தன. அடுத்த முறை நான் கூட்டிப்போன என்ஜினியர் பையன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் பொதுச்சுவருங்க மேடம். உங்க உத்தரமும் பக்கத்து ஊட்டு உத்தரமும் ஒரே செவுத்துலதான் உக்காந்திருக்குது. ஒண்ண இடிச்சா இன்னொண்ணு நிக்காது" என்றான்.

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டேன். லோகநாயகி டீச்சர் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி வாசலில் காத்திருந்தது.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பக்கத்து வீட்டுப் படியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். தலை முழுக்க நரை. குரலைக் கேட்டதும் துரைசாமி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"ஏனுங்க, ஊடு வாங்கறீங்களாட்ட இருக்குது. சந்தோசமுங்க. நமக்குச் சொந்த ஊரு எதுங்க?"

"ஆனைமலைங்க."

"அப்புடீங்களா! ஆனைமலைல யாரு ஊடுங்க? அங்க நமக்குச் சொந்தம் நெறையா இருக்குதுங்க."

"உங்க சொந்தக்காரங்க இருக்கற பக்கம் இல்லீங்க. நான் காலனிப் பக்கமுங்க."

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் விளக்கு அணைந்தது. "சரிங்க, சரிங்க, பாப்பமுங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறிவிட்டார்.

இரண்டு நாளில் லோகநாயகி டீச்சர் போன் செய்தார்.  "அம்மணி, அட்வான்ஸத் திருப்பித் தந்துபோடறேன். வீதில ஆளாளுக்கு வந்து பேசறாங்க. துரைசாமி வேற பார்ட்டி கூட்டியாந்திருக்கறாரு. துணிக்கடைக்காரரு, இடிச்சுப்போட்டு குடோன் கட்டறாராம். நான் போறவ, இவங்களப் பகைச்சுக்கிட்டு என்ன பண்றது சொல்லுங்க?"

இந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குக் கேட்டதுங்க. உங்கள் "சரிங்க" என் காதிலேயே கேட்டது.

நான் சொன்னேன்: "டீச்சர், அட்வான்ஸ நான் திருப்பி வாங்க மாட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்க, நானும் போட்டிருக்கறேன். வேணும்னா கோர்ட்டுக்குப் போவேன். உங்க மேல எனக்குக் கோபமில்லீங்க. ஆனா விட மாட்டேன். வந்து கேக்கறவங்ககிட்ட அப்படியே சொல்லுங்க, அந்தப் பொம்பள விட மாட்டேங்குதுன்னு."

அன்றைக்குத்தான் நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடங்கள் நகர்ந்ததையும் டெம்போவையும் சொன்னேன்.   சொல்லி முடித்ததும், "அப்பா ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டாள். இதற்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள். கடைசியில், "அபார்ட்மெண்ட்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். லீவு போட்டுட்டு வரேன்" என்றாள். அந்த விஷயத்தில் அவள் என் பெண்.

அவள் வருவதற்குள் நானே துரைசாமி வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில் நேரம், வீதி முழுக்க ஆள். அவர் வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வீதியிலேயே நின்று பேசினேன்.

"நீங்க கூட்டியாந்த துணிக்கடைக்காரரு ஊட்ட இடிச்சா, உங்க உத்தரம் எதுமேல நிக்குமுங்க? அது பொதுச்செவுரு, உங்களுதும் எங்களுதும் ஒட்டுக்காத்தான். நான் இடிக்க வரலீங்க, குடியிருக்க வந்திருக்கறேன். நான் வரக்கூடாதுன்னு உங்க ஊட்டையே இடிச்சுக்குவீங்களா?"

 அப்போதுதான் அதையும் சொன்னேன். "முன்னாடி ஒருக்கா இதே வீதில இருந்து எங்களக் கிளப்புனீங்க. நாலு ஊடு தள்ளிப் பின்கட்டுல இருந்தோம். என்ற ஊட்டுக்காரரு பம்ப் கம்பெனில இருந்தாரு. நீங்கதான் முன்னால நின்னு பேசுனீங்க."

துரைசாமி என்னை உற்றுப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். அப்புறம் சொன்னார்: "எனக்கு ஞாபகம் இல்லீங்களே."

பொய் இல்லைங்க. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாம் ஆயுசு முழுக்கச் சுமந்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. ஏதோ ஒரு காலைப் பொழுது, காப்பி குடித்துவிட்டு வந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கிறார். இந்த மனுஷனுக்காகவா நீங்கள் டவுன்ஹால் பக்கம் போகிற பஸ்ஸில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தீர்கள்? எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பாதி அவர் மேல், பாதி உங்கள் மேல்.

பத்திரப்பதிவு அன்று லோகநாயகி டீச்சர் வருவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டு பதிவு அலுவலக வாசலில் நின்றாள். ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் மகனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

"நீங்க விட மாட்டேன்னு சொன்னீங்க பாருங்க அம்மணி, அதுலதான் எனக்கும் தைரியம் வந்துச்சு. எல்லாருகிட்டயும் அதையேதான் சொன்னேன். அந்தப் பொம்பள விட மாட்டேங்குது, நான் என்னங்க பண்றதுன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

பால் காய்ச்சின அன்று வீதியில் ஒரு வீடு விடாமல் போய்க் கூப்பிட்டேன். துரைசாமி வீட்டையும் சேர்த்துத்தான். வந்தவர்கள் கொஞ்சம் பேர். மறுபக்கத்துச் சுவரை ஒட்டி வாடகைக்கு இருக்கிற, புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி வந்தது. டீச்சர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். வராதவர்களின் கதவுகளை நான் எண்ணவில்லை. வாசலில் பலகை மாட்டினேன். 'எஸ்தர் பழனிச்சாமி'. என் பேரையும் உங்கள் பேரையும் சேர்த்து, வீதியில் போகிறவர்கள் நின்று படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.

அப்புறம் மழை வந்தது. துரைசாமி வீட்டு உத்தரம் ஒன்று சுவருக்குள் உளுத்துப்போய்விட்டது. என் பக்கத்திலிருந்து சுவரைத் திறந்தால்தான் மாற்ற முடியும். முதலில் கொத்தனாரை அனுப்பினார். ஊட்டுக்காரரையே வந்து கேக்கச் சொல்லுங்க என்று திருப்பி அனுப்பினேன். அடுத்து மகனை அனுப்பினார். அதே பதில்தான். மூன்றாவதாக அவரே வந்தார்.

"ஏனுங்க, உங்க செவுத்தக் கொஞ்சம் திறக்கோணுமுங்க."

"உள்ள வாங்க. பாத்துட்டுப் போலாம்."

என் வீட்டு வாசற்படியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தார். வெளிச்சக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். வைத்துவிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டு எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்று கேட்க உள்ளே போய்விட்டேன்.

குடித்தாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதற்குமேல் அது அவர் பாடு. அவர் குடிக்கிறாரா என்று கதவோரம் நின்று பார்க்கிற எஸ்தர், போத்தனூர் போன டெம்போவோடு போய்விட்டாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு நீங்கள் "சரிங்க" என்றது பயத்தினால் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தால் வேறு மாதிரித் தோன்றுகிறது. தோப்பை விட்டீர்கள், பெற்றவளை விட்டீர்கள், உங்கள் அப்பா செத்த செய்தியை மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள். இருந்த தைரியம் முழுவதையும் என்னைக் கட்டிக்கொள்வதிலேயே செலவழித்துவிட்டீர்கள். வீதியோடு சண்டை போட உங்களிடம் மிச்சம் இல்லை. அப்படித்தானா? நீங்கள் சொன்னால்தானே தெரியும்.

போகட்டும். மிச்சச் சண்டையை நான் போடுகிறேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: இனி இந்த வீதியில் யாராவது வந்து வேற பக்கம் பாத்துக்குங்க என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும், இந்த வீட்டிலிருந்து "சரிங்க" என்ற பதில் வராது. எனக்குப் பிறகு நித்யாவிடமிருந்தும் வராது. புதுசாக ஒரு ஜோடி, எந்த ஊரிலிருந்து எதை விட்டு வந்தாலும் சரி, பின்கட்டு கேட்டு என் கதவைத் தட்டினால் சாவியை எடுத்துக் கொடுப்பேன். யாரு ஊடு என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
எஸ்தர்