சிவப்புப் பழத்தின் மேல் போட்ட பழி

ஹாம் துவான்
மார்ச் 9

அன்பு மியென்னுக்கு, உன் தொவாய் எழுதுவது. நான் நலம். இந்தத் தடவை அது பொய்யில்லை.

போனில் இவ்வளவையும் சொல்லி முடியாது. அதனால் தைவானுக்குத் திரும்பும் லுவோங்கின் தங்கையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் சைகோன் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் இப்போது புற்றுக்கட்டி இல்லை. எடுத்த சதைத் துணுக்கும் சுத்தம் என்று நேற்று முடிவு வந்தது. என் பை என்னிடமே இருக்கிறது, மியென்!

முதலில் சிறுநீர் சிவந்தபோது, சிவப்பு டிராகன் பழம் பயிரிடுகிறவன் வேறு என்ன நினைப்பான்? அறுவடைக் காலத்தில் அதைத் தின்றுவிட்டு ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் போகும். நீதான் அங்கிருந்தபடியே, "மூணு நாள் பழத்தைத் தொடாதீங்க, அப்புறம் பாத்துச் சொல்லுங்க" என்றாய். நாலாம் நாளும் சிவப்பு. சரியாகிவிட்டது என்று புளுகினேன். நீ நம்பாமல் பக்கத்துத் தோட்டத்து லுவோங்கைக் கழிப்பறை வாசலில் காவலுக்கு நிறுத்தினாய். அந்தப் பாவி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, அண்ணன் சொல்றது பச்சைப் பொய்! இன்னும் செக்கச்செவேல்னு இருக்கு!" என்று போனில் கத்தினான். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. இப்போது அவன் காலில் விழலாம் போலிருக்கிறது. கட்டி சதைக்குள் இறங்கும் முன்பே வந்ததால்தான் பிழைத்தேன் என்கிறார் டாக்டர் உயென்.

ஒன்றை மறைத்தேன். திட்டிக்கொள். குழந்தைகளுக்குக் காசநோய்க்குப் போடும் தடுப்பு மருந்தைப் பைக்குள் ஊற்றி, இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு புரண்டு புரண்டு படுத்தேனே, அதற்குப் பிறகும் கட்டி திரும்ப வந்தது. பையையே எடுத்துவிட்டு வயிற்றில் ஒரு பையைத் தொங்கவிட வேண்டும் என்றார்கள். சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று பயந்தேன். அதைவிட, அந்தக் கோலத்தில் நீ என்னைப் பார்ப்பாயே என்று பயந்தேன்.

அப்போதுதான் டாக்டர் புதிதாக ஒன்றைச் சொன்னார். மருந்து அடைத்த, சுருண்ட சின்னக் குழல். உள்ளே விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கசியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். "இன்னும் சோதனையிலதான் இருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். உள்ள குடி வெச்சுப் பாக்கலாமா?" என்றார். கையெழுத்துப் போட்டேன். எரிச்சலில் ஒரு நாளைக்கு இருபது தடவை கழிப்பறைக்கு ஓடினேன். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனைத் துரத்துகிற கதைதான். இருந்தாலும் அந்தக் குழலைக் கண்டுபிடித்தவர்கள் நூறு வயது இருக்கட்டும்.

திரும்பவும் வரலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் வீட்டை ஒட்டிய தூண்களில் சிவப்புக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வெள்ளைச் சதைப் பழம் வைத்திருக்கிறேன். இனி நான் தின்பது அது மட்டும்தான். மறுபடி சிவந்தால் பழி போட ஆள் கிடையாது. அன்றைக்கே உனக்குச் சொல்லிவிடுவேன்.

அடுத்த டெட் புத்தாண்டோடு உன் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கச் சொன்னால் கையெழுத்துப் போடாதே. கொடி காய்த்தாலும் முதல் பழத்தை நான் பறிக்கப் போவதில்லை. நீ வந்து பறி.

உன்னால் உயிரோடு இருக்கும்,
தொவாய்